காதில் குஞ்சம் கட்டிய வேன்

"செல்ஃப் அடி," என்றாள் பசிலியா அக்கா.

ஃபெர்மின் சாவியைத் திருப்பினான். வேன் 'கிர்ர்ர்... கிர்ர்ர்... கிர்ர்ர்' என்று ரொம்ப உற்சாகமாகச் சுற்றியது. சுற்றியதோடு சரி, கிளம்பவில்லை.

"போதும், நிறுத்து. பேட்டரிய சாகடிக்காத."

காலை ஆறு மணி. பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு டிகிரி. விலாமார்க்கா பள்ளிக்கூடத்து மதிலோரம் நாங்கள் மூன்று பேரும் ஒரு கிழட்டு டீசல் வேனும் நின்றுகொண்டிருந்தோம். சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் போர்வைக்குள் கிடந்தது. அதற்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லை.

பத்து மணிக்கு ஊர்ச்சபை. அதற்குள் இந்த வண்டி ஏன் கிளம்பவில்லை என்று நாங்கள் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் டிரைவர் ஃபெர்மின் லருதா தன் மனைவியையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு இன்றே ஊரைவிட்டு வெளியேற வேண்டும். வீடு போகும், உருளைக்கிழங்கு நிலம் போகும். மூட்டைகளைக்கூடக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள் அவன் மனைவி.

போன சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு, கழுத்து நீண்ட லாமா மந்தை மேய்க்கும் தொரீபியோவின் மனைவி சபினாவுக்குப் பிரசவ வலி எடுத்தது. ஊருக்கு இருப்பதே இந்த ஒரு வண்டி. ஆஸ்பத்திரி ஓருரோவில், இரண்டு மணி நேர வழி. ஃபெர்மின் சாவியைத் திருப்பினான், திருப்பினான், ஐந்து மணி நேரம் திருப்பினான். ஒன்பது மணிக்கு வெயில் ஏறியபிறகு, ஒன்றுமே நடக்காதது போல வண்டி கிளம்பியது. குழந்தை பாதி வழியில் செத்துப் பிறந்தது.

"குடிச்சிருப்பான். இன்ஜினச் சூடு பண்ணாம தூங்கியிருப்பான்" என்று தொரீபியோ சபையில் முறையிட்டான். ஊர் நம்பியது. காரணம், ஃபெர்மின் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவன். விட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஆனால் ஊருக்குக் குடித்த வருஷங்கள்தான் ஞாபகம் இருக்கும், விட்ட வருஷங்களை எவன் எண்ணுகிறான்?

திங்கட்கிழமை டவுனிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அந்த மகானுபாவன் நடு மத்தியானத்தில் வந்தான், சாவியைத் திருப்பினான், வண்டி கிளம்பியது. 'வண்டியில் கோளாறு இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆட்டுக்கறி சூப் குடித்துவிட்டுப் போய்விட்டான். வண்டியில் கோளாறு இல்லையென்றால் கோளாறு யாரிடம்? அந்தச் சீட்டுதான் ஃபெர்மின் கழுத்தில் கயிறானது.

மறுநாளே அவன் மனைவி பஸ் ஏறி எல் ஆல்ட்டோ நகரத்துக்கு வந்து, கோழி வறுக்கிற கடைக்கு மேலே இருக்கிற எங்கள் ஆபீசில் உட்கார்ந்து அழுதாள். பசிலியா யுஹ்ரா இருபத்திரண்டு வருஷம் எல் ஆல்ட்டோ சந்தையில் பழைய இன்ஜின் சாமான் விற்றவள். பொய் சொல்கிற இன்ஜினையும் பொய் சொல்கிற ஆளையும் காதாலேயே கண்டுபிடிப்பாள் என்று பேர் பரவி, கடைசியில் துப்பறிகிறவளாகிவிட்டாள். நான் லிம்பெர் ஸிர்பா. பதினோரு வருஷம் மினிபஸ் கதவில் தொங்கிக்கொண்டு ஸ்டாப்பிங் பேர் கத்தியவன். தொண்டை போனபின் அக்காவிடம் அசிஸ்டென்ட். தொண்டை போனதே தவிர வாய் போகவில்லை என்று அக்கா அடிக்கடி வருத்தப்படுவாள்.

"சனிக்கிழமை செஞ்சதெல்லாம் இன்னிக்கும் செஞ்சியா?" என்று அக்கா ஃபெர்மினைக் கேட்டாள். அடுக்குப் பாவாடைக்கு மேல் இரண்டு சால்வை, தலையில் வட்டத் தொப்பி. குளிர் அவளை ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை.

"ஒண்ணு விடாம செஞ்சேங்க்கா. ராத்திரி பேட்டரியக் கழட்டி வீட்டுக்குள்ள வச்சேன். இன்ஜின் மேல கம்பளி போட்டேன். மூணு மணிக்கு எந்திரிச்சு, சாணிக் கங்கு அள்ளி ஆயில் சம்புக்கு அடியில வச்சேன்."

"பேட்டரிய எங்க வைப்பே?"

"கட்டில் பக்கத்துல."

"ஒரு பக்கம் பொண்டாட்டி, ஒரு பக்கம் பேட்டரி," என்றேன். "எது சூடா இருக்கும்?"

ஃபெர்மின் சிரிக்கவில்லை. ஐந்து நாளாக அவன் முகத்தில் சிரிப்பு என்ற சமாச்சாரமே இல்லை. "அண்ணே, நான் ஏதாவது மறந்துட்டேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு," என்றான். "எல்லாரும் சொல்லச் சொல்ல, குடிச்சிருப்பேனோன்னு நானே நினைக்க ஆரம்பிச்சுட்டேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"லிம்பெர்! புகைக்குழாய்கிட்ட போய் மூக்க வை," என்றாள் அக்கா.

"மூக்கு அரை மணி நேரமா காணோம் அக்கா. கிடைச்சா வைக்கிறேன்."

"கண்ணையாவது வை. ஃபெர்மின், ஹீட்டர் போட்டு நாப்பது எண்ணிட்டு அடி."

மறுபடி கிர்ர்ர். நான் குனிந்து பார்த்தேன். குழாய் வாயில் ஒன்றுமே இல்லை.

"என்ன புகை வருது?"

"வெள்ளையும் இல்ல, கருப்பும் இல்ல. போப்பாண்டவர் தேர்தலா இருந்தா ரெண்டு தரப்பும் குழம்பியிருக்கும்."

அக்கா தலையாட்டினாள். "செல்ஃப் நல்லா சுத்துது, அப்ப பேட்டரி சரி. ஆயிலும் இறுகல. இவன் கங்கு வச்சது நெசம். ஹீட்டர் பிளக் போயிருந்தா டீசல் உள்ள வந்து எரியாம வெள்ளை வெள்ளையா கக்கும். கக்கல. அப்படின்னா?"

"டீசலே வரல."

"டீசலே வரல. இதக் கண்டுபிடிக்க அந்த மெக்கானிக் காலையில ஆறு மணிக்கு வந்திருந்தா போதும். மத்தியானம் வந்து குளிர் வியாதியப் பாத்திருக்கான், மடையன்."

"டீசல் உறைஞ்சிருக்கும்," என்றேன். "கீழ்நாட்டு டீசல் மேல வந்தா கொழுப்பு மாதிரி இறுகிடும்ல?"

"நான் மண்ணெண்ணெய் கலக்காம ஊத்தினதே கிடையாது. பதினஞ்சு வருஷமா," என்றான் ஃபெர்மின்.

அக்கா பேசாமல் வேன் கூரையைக் காட்டினாள். நேற்று சாயங்காலம் டேங்கில் ரப்பர் குழாய் விட்டு ஒரு பாட்டில் டீசல் உறிஞ்சி எடுத்துக் கூரைமேல் வைக்கச் சொல்லியிருந்தாள். உறிஞ்சியது நான், அந்த ருசி இன்னும் தொண்டையில் இருக்கிறது. பாட்டிலை எடுத்துச் சாய்த்தேன். டீசல் தெளிவாகத் தளும்பியது.

"இறுகல," என்றேன்.

"அப்ப வழியில வேற ஏதோ இறுகியிருக்கு. ஃபில்டரத் திற."

முன் சீட்டைத் தூக்கினால் ஃபில்டர். அதன் அடியில் தண்ணீர் தேங்குகிற சின்ன இரும்புக் கிண்ணம். ஃபெர்மின் ஸ்பானர் போட்டுக் கழற்றினான். கிண்ணம் கையோடு வந்தது. தலைகீழாகக் கவிழ்த்தோம், ஒரு சொட்டுக்கூட விழவில்லை. உள்ளே பனிக்கட்டி, கிண்ணத்தின் விளிம்பு வரைக்கும் அச்சில் வார்த்தது போல.

ஃபெர்மின் கட்டியை விரல் நகத்தால் சுரண்டினான்.

"தண்ணி," என்று முனகினான் ஃபெர்மின். "என் டீசல்ல ஏது தண்ணி?"

"தண்ணிதானான்னு பாக்கலாம்." அக்கா கட்டியை எனாமல் கோப்பைக்குள் தட்டி, சாணிக் கங்கின் மேல் வைத்தாள். கட்டி மெதுவாக இளகியது. உள்ளே சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பொட்டுப் பொட்டாக எதுவோ மிதந்தது. விரலில் ஒட்டி எடுத்துப் பார்த்தேன், வண்ணக் காகிதப் பொட்டு. வண்டிக்குப் பூஜை போடும்போது எல்லாரும் அள்ளி வீசுவார்களே, அதேதான்.

"இப்ப நாக்குல வை, லிம்பெர்."

"ஏன் அக்கா, உங்க நாக்கு லீவா?"

"உன் நாக்குக்குத்தான் அனுபவம் ஜாஸ்தி."

வைத்தேன். டீசல், டீசல், டீசல். அதற்குப் பின்னால் புளித்த ஒரு கசப்பு. எனக்குத் தெரியாத கசப்பா அது!

"பீரு!" என்று கத்தினேன். "சத்தியமா பீரு அக்கா! எவனோ டேங்குக்குள்ள பீர் ஊத்தியிருக்கான்!"

ஃபெர்மின் படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்தான். அழுகையா மூச்சா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "அப்ப நான் குடிக்கல," என்றான். "நான் மறக்கல. என் தப்பு இல்ல." மூன்று தடவை சொன்னான்.

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று அக்கா அவனிடம் கேட்டு வாங்கினாள். மாதத்தின் முதல் வெள்ளி, வண்டிக்குப் பூஜை. தொரீபியோவின் முதல் குழந்தை வரப்போகிறது என்று அவனே பீர் வாங்கிக் கொடுத்தான். ஊரே இந்த மதிலோரம் கூடியது. ஃபெர்மின் கையிலும் ஒரு கிளாஸைத் திணித்தார்கள். அவன் பூமித் தாய்க்கு என்று மொத்தக் கிளாஸையும் மண்ணில் ஊற்றிவிட்டு, சாப்பிட வீட்டுக்குப் போனான். கிளாஸைப் பார்த்தவர்கள் ஊற்றியதைப் பார்க்கவில்லை. சாயங்காலம் சந்தைக்கு ஒரு நடை போய்விட்டு வந்து வண்டியை நிறுத்தினான்.

"அந்த நடையில உள்ள இருந்த பீர் குலுங்கி ஃபில்டருக்கு வந்திருக்கு," என்றாள் அக்கா. "ராத்திரி கட்டியாயிருக்கு. வெயில் ஏறினா இளகி கீழ போயிடும். மத்தியானம் வண்டி யோக்கியம்."

"வேலை யாருன்னு நான் சொல்லட்டுமா?" என்றேன். எனக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. "ஊர்த்தலைவர் கிளெத்தோவோட மருமகன் புது வேன் வாங்கப் போறானாம். இவன் போனா ரூட்டு அவனுக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"இருக்கலாம்," என்றாள் அக்கா. ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை, வேனின் பக்கக் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டிலும் ரோஸும் பச்சையுமாகக் கம்பளிக் குஞ்சம் தொங்கியது. "ஃபெர்மின், இது நீ கட்டினதா?"

"இல்லக்கா. வெள்ளிக்கிழமை யாரோ கட்டியிருக்காங்க. நல்லதுக்குத்தானேன்னு விட்டுட்டேன்."

அப்போது மதில் முனையில் மணிச் சத்தம் கேட்டது. இருபது முப்பது லாமாக்கள் வந்தன, பின்னால் தொரீபியோ. கருப்புத் தொப்பி, கருப்புப் போர்வை. இருபத்தாறு வயது இருக்கும், ஐந்து நாளில் ஐம்பதாகியிருந்தான்.

வேனருகில் வந்து நின்றான். ஃபெர்மின் எழுந்தான்.

"பட்டணத்துலேர்ந்து ஆள் கூட்டிட்டு வந்துட்டானாக்கும்," என்றான் தொரீபியோ எங்களிடம். "வண்டியப் பாத்தா என்ன தெரியும்? இவன் மூஞ்சியப் பாருங்க, தெரியும். எல்லாருக்கும் குடுத்தேன் அன்னிக்கு. இவனுக்குக் குடுத்தேன். இவன் வண்டிக்கும் குடுத்தேன். ஒருத்தர விடல. திருப்பி எனக்கு என்ன குடுத்தான்? ஒரு முழம் துணியில சுத்தின பொட்டலம்."

"தம்பி..." என்று ஆரம்பித்தான் ஃபெர்மின்.

"தம்பின்னு சொன்னே, பல்ல உடைப்பேன்! இன்னிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து சபினாவ வீட்டுக்கு அனுப்பறாங்க. உப்பு லாரி மேல ஏத்திட்டு வருவேன், கழுதை மேல ஏத்திட்டு வருவேன், இந்த வண்டி வாசல்ல அவ கால் படாது."

மந்தையின் முன்னால் ஒரு வெள்ளை லாமா மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. மற்றவற்றின் காதில் சின்னதாகக் கம்பளி நூல், இதன் இரண்டு காதிலும் தோள் வரை தொங்கும் குஞ்சம். என்னைவிட நன்றாகவே உடுத்தியிருந்தது.

"இதுக்கு மட்டும் ஏன் இவ்ளோ பெரிசு?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

சம்பந்தமில்லாத கேள்வி. ஆனால் மந்தையைப் பற்றிக் கேட்டால் எந்த மேய்ப்பனும் பதில் சொல்லிவிடுவான். "இவதான் முன்னால போறவ," என்றான், குரல் கொஞ்சம் இறங்கி. "எல்லாரையும் கொண்டுபோய்ச் சேக்கிறவ. மந்தைக்குக் காதுகுத்து அன்னிக்கு இவளுக்குத்தான் முதல் மரியாதை. குஞ்சம் கட்டி, வாயத் தொறந்து ஊத்துவோம். மத்ததுக்கெல்லாம் சும்மா முதுகுல தெளிக்கிறதுதான்." பிறகு ஏன் இதையெல்லாம் இவர்களிடம் சொல்கிறோம் என்று நினைத்தானோ என்னவோ, காறித் துப்பிவிட்டு மந்தையைப் பட்டிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனான்.

அக்கா அவன் போகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஃபெர்மினும் பார்த்தான். நான் மட்டும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தேன்.

"பத்து மணிக்கு சபையில இந்தக் கோப்பைய கிளெத்தோ மூக்குக்குக் கீழ வைக்கிறோம். மருமகன் பேரச் சொல்றோம். ஊரே—"

"அண்ணே," என்றான் ஃபெர்மின். அவன் முகத்தில் ஐந்து நிமிஷத்துக்கு முன் வந்த உயிர் மறுபடி போயிருந்தது. "அக்கா. உங்க கால்ல விழறேன். பீர்னு சபையில சொல்லாதீங்க."

"என்னய்யா உளர்றே?"

"தண்ணின்னு சொல்லுங்க. டீசல்ல தண்ணி இருந்துச்சுன்னு சொல்லுங்க."

"தண்ணின்னா, தண்ணி கலந்த டீசல வாங்கினவன் நீன்னு ஆகும். உன் வீடு போகும்யா! பொண்டாட்டி மூட்டை கட்டி வச்சிருக்கா! உன்னக் காப்பாத்த ராத்திரி பூரா டீசல் ருசியோட படுத்திருந்தேன், நீ என்னடான்னா—"

"லிம்பெர்," என்றாள் அக்கா. "வாய மூடு. கண்ணத் திற."

வேனின் கண்ணாடியைக் காட்டினாள். ரோஸும் பச்சையும். பிறகு பட்டியைக் காட்டினாள். வெள்ளை லாமாவின் காதில் ரோஸும் பச்சையும், அதே முறுக்கு, அதே முடிச்சு.

"வண்டியக் கெடுக்க நினைக்கிறவன் மண்ணப் போடுவான், சர்க்கரையப் போடுவான். காசு குடுத்து வாங்கின பீர ஊத்த மாட்டான். நம்ம மினிபஸ்காரனுங்க டயர்ல தெளிப்பானுங்க, இன்ஜின் மேல தெளிப்பானுங்க. டேங்க் வாயில எவனும் ஊத்த மாட்டான், டிரைவருக்குத் தெரியும். ஊத்தினவனுக்கு வண்டியத் தெரியாது. லாமாவத்தான் தெரியும். தன் பொண்டாட்டியக் கொண்டுபோய்ச் சேக்கப் போறது இதுதான்னு நினைச்சான். காதுல குஞ்சம் கட்டினான். வாயத் தொறந்து ஊத்தினான்."

எனக்குக் கோப்பை கனத்தது. 'இவன் வண்டிக்கும் குடுத்தேன்' என்று இப்போதுதானே எங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனான். ஐயோ, தொரீபியோ! ஊரிலேயே அந்தக் குழந்தைமேல் அதிகம் ஆசை வைத்தவன் கையாலேயா?

"அவனுக்குத் தெரியாதுக்கா," என்றான் ஃபெர்மின். "என்மேல இருக்கிற கோபத்துலதான் அவன் எந்திரிச்சு நிக்கிறான். அதையும் புடுங்கிட்டா விழுந்துருவான். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. வேற ஊர்ல பொழைச்சுக்குவேன்."

"பொழைப்பே. குடிகாரன்னு பேரோட," என்றாள் அக்கா. "உன் பொண்ணுங்களும் அந்தப் பேரோட பொழைக்கும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சொல்லாதீங்க" என்று மட்டும் மறுபடி சொன்னான்.

"சரி. நான் சொல்ல மாட்டேன்," என்றாள் அக்கா.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இருபத்திரண்டு வருஷ அனுபவம் ஒரு அப்பாவி வீட்டை இழக்கிறதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கப் போகிறதா? அவளிடம் பேசாமல், கங்கின்மேல் கொதித்துக்கொண்டிருந்த கெட்டில் வெந்நீரை டீசல் பைப் நெடுகக் கொட்டினேன். ஃபெர்மின் கிண்ணத்தை மாட்டி ஹேண்ட் பம்ப்பை அமுக்கி டீசலை ஏற்றினான். சாவியைத் திருப்பியதும் வண்டி வெள்ளையாக இருமிவிட்டுக் கிளம்பியது. வென்றுவிட்டோம். யாருக்கும் சந்தோஷம் இல்லை.

பத்து மணிக்குப் பள்ளிக்கூட முற்றத்தில் ஊர் கூடியது. ஆண்கள் மதிலோரம் நின்றார்கள், பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். ஃபெர்மினின் மனைவி இரண்டு பெண்களையும் மடியோடு அணைத்துக்கொண்டு ஓரமாக இருந்தாள். ஊர்த்தலைவர் கிளெத்தோ தோளில் குறுக்காகச் சாட்டையும் கையில் கோலுமாக நடுவில் நின்றார். கறாரான மனுஷன், ஆனால் கெட்டவர் இல்லை.

"சொல்லும்மா. வண்டியில கோளாறா, ஆள்ல கோளாறா?"

"வண்டியில," என்றாள் அக்கா. ஃபில்டர், கிண்ணம், பனிக்கட்டி எல்லாவற்றையும் நாலே வாக்கியத்தில் சொன்னாள். "டிரைவர் மேல தப்பு இல்ல. கங்கு வச்சான், பேட்டரியப் பாத்துக்கிட்டான். டீசலோட வேற ஒண்ணு கலந்து உறைஞ்சிருந்துச்சு."

"வேற ஒண்ணுன்னா?"

"அத நான் சொல்றதா இல்ல. வாக்குக் குடுத்துட்டேன்." கோப்பையை எடுத்து நீட்டினாள். "மோந்து பாருங்க. பாத்துட்டு பக்கத்துல குடுங்க."

ஃபெர்மின் அவளைத் திரும்பிப் பார்த்தான். அக்கா அவனைப் பார்க்கவே இல்லை.

கிளெத்தோ மோந்தார், புருவம் ஏறியது. அடுத்தவரிடம் கொடுத்தார். கோப்பை கைமாறக் கைமாற முணுமுணுப்பு பெருகியது. "பீருடா!" "டேங்குல பீரா?" "எந்தப் பாவி?" யாரோ மருமகன் பேரைச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை, சத்தியமாக. ஆனால் எனக்குத் தோன்றியது ஊருக்குத் தோன்றாமலா இருக்கும்? "புது வேன் வாங்கறவன் அவன்தானே!" என்று ஒரு கிழவர் கையை ஓங்கினார். மருமகன் வெளிறிப்போய், "நான் இல்ல! எம் பிள்ளைங்க மேல ஆணை, நான் இல்ல!" என்று அலறினான். நாலு பேர் அவன் போர்வையைப் பிடித்துவிட்டார்கள். கிளெத்தோ கோலைத் தரையில் தட்டத் தட்ட ஒருவரும் அடங்கவில்லை.

அந்தக் களேபரத்தில் கோப்பை தொரீபியோ கைக்கு வந்தது.

அவன் மூக்கருகே கொண்டுபோனான். உள்ளே மிதந்த காகிதப் பொட்டுகளைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, மதிலுக்கு அப்பால் உறுமிக்கொண்டிருந்த வேனைப் பார்த்தான். அதன் கண்ணாடிகளில் அவன் கட்டிய குஞ்சங்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"அவன விடுங்க," என்றான்.

யாருக்கும் கேட்கவில்லை. போன தொண்டைதான், ஆனாலும் பதினோரு வருஷம் எதற்குப் பழகியதோ, அதற்கு அப்போது வேலை வந்தது. "பேசறான், கேளுங்க!" என்று கத்தினேன். முற்றம் அடங்கியது.

"அவன விடுங்க. நான்தான் ஊத்தினேன்." தொரீபியோவின் குரல் தட்டையாக இருந்தது. "ரெண்டு பாட்டில். எல்லாரும் டயர்ல தெளிச்சாங்க. எனக்கு அது போதல. என் சபினாவத் தூக்கிட்டுப் போகப் போறது இதுதானேன்னு, முன்னால போறவளுக்குக் குடுக்கிற மாதிரி வாயில ஊத்தினேன். நல்லா குடிச்சுக்கோ, பத்திரமா கொண்டுபோய்ச் சேருன்னு சொல்லி ஊத்தினேன்." கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "கெடுக்கணும்னு ஊத்தல."

சபையில் ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். மருமகனின் போர்வையைப் பிடித்திருந்த கைகள் தாமாக விட்டன. கிளெத்தோ கோலை மதிலில் சாத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "ஃபெர்மின், மூட்டையப் பிரிக்கச் சொல்லு," என்றார்.

தொரீபியோ தள்ளாடிக்கொண்டு வேனை நோக்கி நடந்தான். ஒரு கண்ணாடியில் கட்டியிருந்த குஞ்சத்தை அவிழ்க்க ஆரம்பித்தான். குளிரில் விறைத்த விரலுக்கு முடிச்சு வசப்படவில்லை. பல்லால் கடித்து இழுத்தான்.

ஃபெர்மின் பின்னாலேயே போய் அவன் கையைப் பிடித்தான். "இருக்கட்டும். கட்டினது கட்டினதா இருக்கட்டும்."

தொரீபியோ அவன் தோளில் முட்டிக்கொண்டான். அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை. பிறகு எங்கள் பக்கம் திரும்பி அக்காவைப் பார்த்தான்.

"எல்லாம் கண்டுபிடிச்சுட்டீங்களே. இதையும் சொல்லுங்க. சபினாகிட்ட நான் என்ன சொல்வேன்?"

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற பசிலியா அக்கா தொப்பியைச் சரிசெய்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

ஃபெர்மின் உள்ளே கை விட்டு இன்ஜினை அணைத்தான். கிண்ணத்தின் திருகைத் தளர்த்தி, மிச்சமிருந்த சொட்டெல்லாம் தரையில் வடிகிற வரைக்கும் பொறுமையாகப் பிடித்தான். மூடினான், துணியால் துடைத்தான். பிறகு முன் சீட்டைப் படுக்கவைத்துக் கதவைத் திறந்து பிடித்தான்.

"ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மணி நேரம் வழி இருக்கு," என்றான். "யோசிப்போம். ஏறு."

தொரீபியோ ஏறினான். வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஃபெர்மின் சாவியைத் திருப்பினான், வண்டி முதல் சுற்றிலேயே கிளம்பியது.